வக்கீல் ஏமாற்றினால் பார் கவுன்சிலில் புகார் கொடுப்பது எப்படி: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு

கடலூரில் எங்கள் பாகப்பிரிவினை வழக்கு 2022 ஆகஸ்டிலேயே தள்ளுபடி ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்தது 2023 மார்ச்சில். இடையில் எப்போது கேட்டாலும் "வாய்தா போட்டிருக்காங்க, அடுத்த மாசம் பாப்போம்" என்றுதான் வக்கீல் சொன்னார். செத்துப்போன வழக்குக்கு இரண்டு தடவை ஃபீஸும் வாங்கினார்.

தெரிந்ததும் கோபத்தில் கால் போன இடமெல்லாம் போனேன். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தேன். போலீஸ் ஸ்டேஷன் போனேன், "இது சிவில் மேட்டர்" என்றார்கள். கடைசியாக வக்கீல் சங்கத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, "தம்பி, நாங்க சங்கம்தான். சன்னது, அதான் வக்கீல் தொழில் பண்ற உரிமம், கொடுத்தவங்க மெட்ராஸ்ல இருக்காங்க. அங்க எழுது" என்றார். இந்தச் சுற்றிலேயே இரண்டு மாதம் போயிற்று. தப்பு அவர்கள் யார் மேலும் இல்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

தட்ட வேண்டிய கதவு தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் தனி கவுன்சில் கிடையாது, எல்லாம் சென்னைதான். ஒரு வக்கீலைக் கண்டிக்கவும், தொழில் செய்யவிடாமல் நிறுத்திவைக்கவும், பட்டியலிலிருந்தே பெயரை எடுக்கவும் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 35-ன்கீழ் அதிகாரம் அவர்களுக்குத்தான்.

ஆனால் அங்கே புகார் கொடுத்தால் உங்கள் வழக்கு உயிர் பெறாது, உங்கள் பணமும் திரும்பி வராது. வக்கீல் மீதான நடவடிக்கை ஒரு தடம், உங்கள் வழக்கு வேறொரு தடம். இதைக் குழப்பிக்கொண்டதால் நான் பட்ட பாடுதான் கீழே இருப்பதில் பாதி.

1. முதலில் வழக்கைக் காப்பாற்றுங்கள்

புகாரை ஒரு வாரம் கழித்துக்கூட எழுதலாம். வழக்குக்கு அந்த அவகாசம் இருக்காது.

இன்றைக்கே ஈ-கோர்ட்ஸ் செயலியிலோ இணையதளத்திலோ உங்கள் வழக்கின் நிலையைப் பாருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. அது தெரியாவிட்டால் வழக்கு எண், ஆண்டு, கோர்ட் பெயர் போட்டுத் தேடலாம். எதுவும் தெரியாவிட்டால் உங்கள் பெயரைப் போட்டே தேடலாம். எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும் என்பதால் இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள். நான் ஏழு மாதமும் வக்கீலை நம்பிக் கேட்டுக்கொண்டிருந்த விஷயத்தை அந்தச் செயலி அரை நிமிஷத்தில் காட்டியது.

நீங்கள் ஆஜராகவில்லை என்று வழக்குத் தள்ளுபடி ஆகியிருந்தால் மீண்டும் எடுக்கச் சொல்லி மனுப் போட 30 நாள். நீங்கள் பிரதிவாதியாக இருந்து ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகியிருந்தாலும் அதை நீக்கக் கேட்க 30 நாள்தான். நாள் கடந்திருந்தால் காலவரையறைச் சட்டம், பிரிவு 5-ன்கீழ் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு இன்னொரு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். வக்கீலின் தவறுக்காகக் கட்சிக்காரர் தண்டிக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-லேயே சொல்லியிருக்கிறது. அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். "ஏழு மாசமா நீங்க ஏன் வந்து பாக்கலை?" என்று ஜட்ஜ் கேட்டார். வக்கீல் வாய்தா என்று அனுப்பிய வாட்ஸாப் செய்திகள்தான் என்னைக் காப்பாற்றின. மூவாயிரம் ரூபாய் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கச் சொல்லி, 2024 ஜனவரியில் வழக்கை மீண்டும் எடுத்தார்கள்.

இதற்கெல்லாம் புது வக்கீல் வேண்டும். பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்பது வழக்கம். தர மறுத்தால் வழி அடைபட்டுவிடாது. பழைய வக்காலத்தை (அவரை உங்கள் வக்கீலாக நியமித்த தாள்) ரத்து செய்ய அனுமதி கேட்டு நீங்களே கோர்ட்டில் மனுப் போடலாம். பெண்களுக்கும், தலித், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அந்த அலுவலகம் கோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். உள்ளே போக யாருடைய சிபாரிசும் வேண்டாம்.

2. இது புகாருக்குரிய தவறுதானா?

கேஸில் தோற்றது புகார் ஆகாது. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு ஆலோசனை சொன்னதும், எரிந்து விழுந்ததும், ஃபீஸ் அதிகம் கேட்டதும் பெரும்பாலும் ஆகாது. இவற்றை எழுதி அனுப்பினால் கவுன்சிலின் விசாரணைக் குழுவுக்கு அனுப்பாமலே முடித்துவிடுவார்கள்.

நிற்கக்கூடியவை வேறு. வழக்குப் போடப் பணம் வாங்கிவிட்டுப் போடாமலே இருப்பது. கோர்ட்டிலிருந்து உங்கள் பெயரில் வந்த பணத்தை உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வது. உங்களைக் கேட்காமல் சமரசம் எழுதிக் கொடுப்பது. எதிர்த்தரப்புக்கும் வேலை செய்வது. உங்கள் கையெழுத்தைப் போலியாகப் போடுவது. காரணம் இல்லாமல், உங்களுக்கு அறிவிப்பும் கொடுக்காமல் வழக்கிலிருந்து விலகிக்கொள்வது. உங்கள் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும் என்பதும் பார் கவுன்சில் விதி.

கேஸ் கட்டைத் தர மறுப்பதும் இதில் சேரும். "பாக்கி ஃபீஸைக் கட்டு, கட்டைத் தூக்கிட்டுப் போ" என்பது ஊரெல்லாம் கேட்கும் வசனம். கட்சிக்காரரின் காகிதங்களை ஃபீஸுக்குப் பிணையாகப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பாக்கி இருந்தால் அவர் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கலாம்.

தொகை சின்னது என்று தயங்க வேண்டாம். உத்தரப் பிரதேசத்தில் ஒரு ஏழைக் கிழவருக்கு நில இழப்பீடாகக் கோர்ட்டில் கட்டப்பட்ட 8,118 ரூபாயை அவருடைய வக்கீல் எடுத்துக்கொண்டார். புகார் வந்ததும் சமரசம் ஆகிவிட்டதாகப் பொய்ப் பத்திரம் வேறு காட்டினார். மூன்று ஆண்டு நிறுத்திவைப்பு போதும் என்று கீழே சொன்னார்கள். அந்த வக்கீலே உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போனார். அங்கே பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2002-ல் வெளியான தீர்ப்பு இது.

3. முழுப்பெயர், பதிவு எண், எந்த மாநிலம்

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் போதாது. நீங்கள் கையெழுத்துப் போட்ட வக்காலத்தில் அவருடைய முத்திரை இருக்கும், அதில் முழுப்பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். சென்னையில் பதிந்தவர்களுக்கு எம்.எஸ். என்று தொடங்கி ஒரு எண்ணும் ஆண்டும் வரும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கர்நாடகாவிலோ ஆந்திராவிலோ சட்டம் படித்து அங்கேயே பதிந்துகொண்டு நம்மூரில் பிராக்டீஸ் செய்பவர்கள் உண்டு. எந்த மாநிலப் பட்டியலில் பெயர் இருக்கிறதோ அந்த மாநிலக் கவுன்சிலுக்குத்தான் புகார் போக வேண்டும். பதிவு எண் எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால் அவர் வக்கீலே இல்லை. அப்போது பார் கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கைக்கு வேலை இல்லை, நேராகப் போலீஸ்தான்.

4. காகிதங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், எனக்கு ஐந்து வாரம் ஆனது. எல்லா வேலையும் இதில்தான் இருக்கிறது என்பேன்.

முதலில் கோர்ட்டிலிருந்து எடுக்க வேண்டியவை: தள்ளுபடி உத்தரவு, வழக்கு எந்தெந்தத் தேதியில் அழைக்கப்பட்டது, அன்றைக்கு யார் வந்தார்கள் என்று காட்டும் பதிவுகள், வக்காலத்து, வழக்குரை. வக்கீல் உங்களை அறியாமல் ஏதாவது மனுவோ மெமோவோ போட்டிருந்தால் அதுவும். ஈ-கோர்ட்ஸ் பிரிண்ட் அவுட் உங்களுக்குப் புரிய உதவும், சாட்சியமாக வைக்கச் சான்றளிக்கப்பட்ட நகல்தான் வேண்டும். நகல் மனுப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் நடக்காது. முத்திரைத்தாள் எவ்வளவு கேட்கிறார்கள் என்று நோட்டீஸ் போர்டில் போடுவார்கள், நாளுக்குள் கட்டாவிட்டால் மனு அடிபட்டுப்போகும். எனக்கு ஒரு தடவை அப்படி ஆகி மறுபடி வரிசையில் நின்றேன். வாரத்துக்கு இரண்டு நாள் போர்டைப் பாருங்கள், அல்லது அங்கே இருக்கும் குமாஸ்தா யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

அப்புறம் பணத்துக்கான ஆதாரம். ரசீது கொடுத்திருந்தால் அதிர்ஷ்டசாலி நீங்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் கையில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். ஜிபே, வங்கிப் பரிமாற்றம் எதுவாக இருந்தாலும் வங்கியிலிருந்து முத்திரையோடு கணக்கு விவரம் வாங்குங்கள். கையில் கொடுத்திருந்தால் அன்றைக்கு ஏடிஎம்மில் எடுத்த பதிவு, கூட வந்தவரின் சாட்சியம், பிறகு அவரே "வந்தது" என்று அனுப்பிய குறுஞ்செய்தி என்று சுற்றிக் கட்ட வேண்டும்.

வாட்ஸாப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63-ன்படி, இது இந்தப் போனிலிருந்து எடுத்தது என்று சான்று சேர்க்க வேண்டும். போனை மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். குரல் செய்தியாக இருந்தால் தேதி, நேரத்தோடு தமிழில் எழுதி ஒரு தாளாக வையுங்கள். அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது, படிக்க இருக்கும்.

கடைசியாக, ஒரு தேதிப் பட்டியல். இடது பக்கம் கோர்ட்டில் அன்று என்ன நடந்தது, வலது பக்கம் அதே நாளில் வக்கீல் என்னிடம் என்ன சொன்னார். என் பட்டியல் ஒன்றரைப் பக்கம். 2022 ஆகஸ்ட் வரிசையில் இடப்பக்கம் 'தள்ளுபடி', வலப்பக்கம் 'வாய்தா' என்று இருந்தது. விசாரணையில் குழு கையில் எடுத்தது அந்தத் தாளைத்தான்.

5. வக்கீலுக்கு ஒரு கடிதம்

புகாருக்கு முன் இது கட்டாயம் என்று சட்டத்தில் இல்லை. ஆனாலும் அனுப்புங்கள். கேஸ் கட்டையும், வாங்கிய பணத்துக்குக் கணக்கையும் 15 நாளுக்குள் தரச் சொல்லி ஒரு பக்கக் கடிதம், அவ்வளவுதான். திட்டாதீர்கள், மிரட்டாதீர்கள், "பார் கவுன்சிலுக்குப் போவேன், இவ்வளவு கொடுத்தால் விட்டுவிடுகிறேன்" என்ற தொனி ஒரு வரியில்கூட வரக் கூடாது. அந்த ஒரு வரியை வைத்து உங்களையே பணம் பறிப்பவர் ஆக்கிவிடுவார்கள்.

பதிவுத் தபாலை இப்போது ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். பெற்றுக்கொண்டதற்கான சான்றோடு அனுப்பி, ரசீதையும் டிராக்கிங் பக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

6. மனு எழுதுவது

தமிழிலேயே எழுதலாம். மாநில மொழியில் கொடுக்கப் பார் கவுன்சில் விதியே இடம் தருகிறது. பின்னால் புகார் டில்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்குப் போக நேர்ந்தால் ஆங்கிலத்தில் பெயர்ப்பது மாநிலக் கவுன்சிலின் பொறுப்பு. இது தெரியாமல் ஆங்கிலத்தில் டைப் அடிக்க ஒருவருக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். அதில் நான் சொல்லாத விஷயமெல்லாம் இருந்தது, குறுக்கு விசாரணையில் அதுவே எனக்கு வினையாயிற்று.

வடிவம் சாதாரண கடிதம் அல்ல, மனு. உங்கள் பெயர் முகவரி, வக்கீலின் பெயர் முகவரி பதிவு எண், பிறகு எண் போட்ட பத்திகளில் நடந்தது, எந்த ஆவணம் எந்தப் பத்திக்கு என்ற குறிப்பு, என்ன கேட்கிறீர்கள், கீழே கையெழுத்து. அதற்குக் கீழே சிவில் வழக்குரையில் வருவது போல உறுதிமொழி வேண்டும்: 1 முதல் இத்தனையாவது பத்தி வரை என் சொந்த அறிவின்படி உண்மை, மற்றவை கேள்விப்பட்டு உண்மை என்று நம்புகிறேன் என்று எழுதி, இடம் தேதி போட்டுக் கையெழுத்து. இது விட்டுப்போய்த் திரும்பிய புகார்கள் நிறைய என்று அங்கே சொன்னார்கள்.

மனு ஐந்து பக்கத்துக்குள் இருக்கட்டும். அவர் எப்படிப்பட்ட குடும்பம், எந்தக் கட்சி, கார் எப்படி வாங்கினார் என்பதெல்லாம் வேண்டாம்.

பலரை ஏமாற்றியவராக இருந்தால் எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடலாம் என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. அதே வக்கீல் நெல்லிக்குப்பம் பக்கத்து அக்கா ஒருவரிடம் புரோநோட்டை வாங்கி வைத்துக்கொண்டு வழக்கே போடாமல் காலாவதி ஆக்கியிருந்தார். நாங்கள் தனித்தனியாகவே கொடுத்தோம். அது நல்லதாகப் போயிற்று. ஒருவர் பின்வாங்கினாலும் இன்னொருவர் புகார் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஆதாரமும் வேறு. மற்றவர் கொடுத்த புகாரின் எண்ணை மட்டும் ஒரு பத்தியில் குறிப்பிட்டோம்.

முன்பே தண்டனை வாங்கியவரா என்று கேளுங்கள். கண்டிப்போ நிறுத்திவைப்போ கிடைத்திருந்தால், சட்டப்படி அது பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே பதியப்பட்டிருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் மனுவில் கேட்கலாம். எங்கள் ஆளுக்கு ஏற்கெனவே ஒரு கண்டிப்பு இருந்தது. முதல் தவறு என்றால் கை நடுங்கும் குழு, இரண்டாவது மூன்றாவது என்றால் அவ்வளவு யோசிப்பதில்லை.

7. அனுப்புவது, கட்டணம், பயணம்

முகவரி: செயலாளர், தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில், உயர்நீதிமன்ற வளாகம், சென்னை 600 104. புகாருக்குக் கட்டணம் உண்டு. அது மாறிக்கொண்டிருக்கும் என்பதால் அனுப்பும் வாரத்தில் போன் போட்டு, தொகை எவ்வளவு, யார் பெயரில் டிடி, எத்தனை நகல் என்று மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். குறை இருந்தால் சரிசெய்யச் சொல்லிச் செயலாளர் எழுதுவார், ஆனால் அந்தத் தபால் போய்வரவே ஒரு மாதம்.

நான் நேரில் போய்க் கொடுத்தேன். கடலூரிலிருந்து விடிகாலைப் பேருந்து ஏறினால் பத்தரைக்குள் பாரிமுனை போய்விடலாம். உயர்நீதிமன்றத்துக்கு மெட்ரோ நிலையமே இருக்கிறது. வளாகத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் சோதனை உண்டு, அசல் அடையாள அட்டை இல்லாமல் போகாதீர்கள். கொடுத்ததற்கு உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். அந்தத் தேதிதான் அடுத்த தலைப்பின் உயிர். பேருந்து, சாப்பாடு, செராக்ஸ் என்று ஒரு தடவைக்கு எண்ணூறு ரூபாய்க்குக் குறையவில்லை. மொத்தம் ஒன்பது தடவை போனேன்.

8. அந்த ஓராண்டு

புகார் சரியாக இருந்தால் பதிவு செய்வார்கள். வக்கீலிடம் பதில் கேட்பார்கள், அதற்கு உங்களிடம் மறுமொழி கேட்பார்கள். முகாந்திரம் இருக்கிறது என்று கவுன்சில் நினைத்தால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். குழுவில் மூன்று பேர்: இருவர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் அனுபவமுள்ள வழக்கறிஞர். ஜட்ஜ் கிடையாது. வக்கீலை வக்கீல்களே விசாரிப்பதா என்று எனக்கும் முதலில் உறுத்தியது.

புகார் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது வழக்கறிஞர்கள் சட்டத்தின் பிரிவு 36பி. முடியாவிட்டால் விசாரணை தானாகவே டில்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். இது நமக்கு நல்லது போலத் தெரியும். எதிராளிக்கு இழுக்க இது ஒரு வழி என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. இங்கே வாய்தா வாங்கி வாங்கி ஓராண்டைத் தள்ளிவிட்டால், கடலூர்க்காரர் டில்லிக்கு அலையமாட்டார் என்ற கணக்கு. நெல்லிக்குப்பத்து அக்காவின் புகார் அப்படித்தான் டில்லிக்குப் போய்விட்டது.

நான் செய்தது: நாலாவது மாதத்திலிருந்து மாதம் ஒரு கடிதம். "எனது புகார் இன்ன தேதியில் பெறப்பட்டது, ஓராண்டு இன்ன தேதியில் முடிகிறது, விரைந்து விசாரிக்க வேண்டுகிறேன்", மூன்றே வரி. ஒவ்வொரு வாய்தா கேட்டபோதும் எழுந்து நின்று எதிர்ப்பைப் பதியச் சொன்னேன். 2023 ஜூனில் கொடுத்த புகாருக்குப் பதினோராவது மாதத்தில் உத்தரவு வந்தது.

9. விசாரணை நாள்

நீங்களே ஆஜராகலாம், வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. வைப்பதானால் அவர் வக்காலத்து போட வேண்டும். உள்ளூரில் தினமும் முகம் பார்க்கும் சக வக்கீலுக்கு எதிராக ஆஜராக யாரும் தயங்குவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. விழுப்புரத்திலோ சென்னையிலோ தேடுங்கள்.

சாட்சிகளை அழைக்கவும், ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் குழுவுக்குச் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு. நீங்கள் சத்தியப் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்வீர்கள், எதிராளி குறுக்கு விசாரணை செய்வார். ஒருவரின் பிழைப்பே போகும் விஷயம் என்பதால் சாதாரண சிவில் வழக்கைவிட அழுத்தமான ஆதாரம் எதிர்பார்ப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். என்னிடம் ஒரு தொகையை மாற்றி மாற்றி மூன்று தடவை கேட்டார்கள். வங்கித் தாளைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன், அத்தோடு விட்டார்கள்.

10. சமரசம் பேச வருவார்கள்

நோட்டீஸ் போன மறுவாரமே வந்தார்கள். முதலில் குமாஸ்தா, அப்புறம் எங்கள் உறவுக்காரர் ஒருவர், "அண்ணே, ஏதோ நடந்துபோச்சு, வாபஸ் வாங்கிடுங்க, பணத்தைக் கொடுத்துடுறாரு" என்று.

உங்களுக்கு வர வேண்டிய பணத்தை வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. வங்கி மூலம் வாங்குங்கள், எதற்காக என்று எழுதி வாங்குங்கள். வெற்றுத்தாளிலோ முத்திரைத்தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். வாபஸ் வாங்கியதாலோ சமரசம் ஆனதாலோ மட்டும் புகாரைக் கைவிடக் கூடாது என்று விதியே சொல்கிறது. இது அவருக்கும் தெரியும். அதனால்தான் வாபஸ் கடிதம் என்று தராமல், "புகாரே பொய், தூண்டுதலில் கொடுத்தேன்" என்று எழுதித் தரச் சொல்வார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு மாட்டுவது நீங்கள். பொய்ப் புகார் என்று ஆனால் செலவுத்தொகை கட்டச் சொல்லக் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது.

இதே சமயத்தில் ஃபேஸ்புக்கிலோ ஊர் வாட்ஸாப் குரூப்பிலோ அவர் போட்டோவைப் போட்டு 'மோசடி வக்கீல்' என்று எழுதாதீர்கள். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு அவதூறுச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. குரூப்பில் போடுவதற்கு அது கிடையாது.

11. உத்தரவும் அப்பீலும்

நாலு விதமாக முடியலாம்: புகார் தள்ளுபடி, கண்டிப்பு, குறிப்பிட்ட காலம் நிறுத்திவைப்பு, பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். நிறுத்திவைக்கப்பட்டாலும் நீக்கப்பட்டாலும் பதிவுச் சான்றிதழைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவின் எந்தக் கோர்ட்டிலும் அவர் தொழில் செய்ய முடியாது. செய்தால் ஆறு மாதம் வரை சிறை.

உத்தரவு கையில் கிடைத்த 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கு அப்பீல் போகலாம். அங்கிருந்து இன்னொரு 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றம். வக்கீல் மட்டுமல்ல, தண்டனை போதாது என்றோ புகாரைத் தள்ளியது தவறு என்றோ நினைத்தால் நீங்களும் போகலாம். ஓராண்டு தாண்டி டில்லியே விசாரித்திருந்தால் அப்பீல் நேரே உச்ச நீதிமன்றத்துக்கு.

மேலே போனால் தண்டனை குறையவும் செய்யும் என்பதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நம் மாநிலத்து வழக்கு ஒன்றே இருக்கிறது. ரங்கதுரை வழக்கு என்பார்கள், 1978-ல் தீர்ந்தது. காது கேளாத முதியவரும் அவர் மனைவியும் நம்பிக் கொடுத்த புரோநோட்டுகளுக்கு வழக்குப் போடாமலே, போட்டுவிட்டதாகச் சொல்லிவந்த வக்கீல். மாநிலக் கவுன்சில் ஆறு ஆண்டு நிறுத்தியது, இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாக்கியது, உச்ச நீதிமன்றம் அதையும் தளர்த்தி, கொஞ்ச காலம் இலவச சட்ட உதவி வேலை செய்யச் சொன்னது.

எங்கள் விஷயத்தில் பெயர் நீக்கம் என்று உத்தரவானது, முந்தைய கண்டிப்பையும் அதில் எடுத்துக் காட்டியிருந்தார்கள். அவர் அப்பீல் போயிருக்கிறார். அப்பீல் போட்டதாலேயே உத்தரவு நின்றுவிடாது, தனியாகத் தடை வாங்க வேண்டும். எனவே அப்பீலில் உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். தடை மனுவை எதிர்க்க ஒரு பக்கமாவது எழுதி அனுப்புங்கள்.

12. பணம் வேண்டுமென்றால்

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி இன்னும் சிலர் யோசனை சொல்கிறார்கள். வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அந்த வழி மூடிவிட்டது.

மிச்சம் இரண்டு. கொடுத்த பணத்தையும் நஷ்டத்தையும் கேட்டு சிவில் வழக்கு, பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குள். நம்பிக்கை மோசடியோ ஏமாற்றோ போலிக் கையெழுத்தோ இருந்தால் போலீஸ் புகார். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 316, 318, 336 பிரிவுகள், அதற்கு முன் நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புங்கள். அப்படியும் நகராவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். பார் கவுன்சில் உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகல் கையில் இருந்தால் இரண்டு இடத்திலும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். உத்தரவு வந்த அன்றே நகலுக்கு எழுதிக் கொடுங்கள், இரண்டு பிரதியாகக் கேளுங்கள். நான் ஒன்றுதான் கேட்டேன், அதைச் சிவில் கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டு, அப்பீலுக்காக மறுபடி ஒரு தடவை சென்னை பஸ் ஏறினேன்.